லேசான மருந்து

துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்யதையும் கிடையாது. ஒருமுறைகூடச் சுட்டதில்லை. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலரின் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தினமும் காலையில் தாண்டி உள்ளே போகிறேன். அந்தச் சாதனத்துக்கும் எனக்கும் உறவு அவ்வளவுதான். இருந்தும் 2019 கோடையில் ஐந்து வாரம், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், ஒரு வீட்டின் நிலவறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கிழவர் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா கெட்டிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு மதிப்புரை எழுத உட்காரும்போதெல்லாம் அந்த நிலவறைதான் ஞாபகம் வருகிறது. அதை முதலில் எழுதித் தீர்த்துவிடுவது நல்லது என்று படுகிறது.

அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார் அவர். டயர் ஆலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘என் தம்பி, புஸ்தகங்களைப் பற்றி எழுதுவான்’ என்று அக்கா அறிமுகம் செய்தபோது, புஸ்தகம் எழுதுகிறவனா, புஸ்தகங்களைப் பற்றி எழுதுகிறவனா என்று திருப்பிக் கேட்டார். பின்னதுதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து அவர் நிலவறைக்குப் போக ஆரம்பித்தேன். அத்தானுக்கு இதில் கொஞ்சம் பயம். விசிட்டர் விசாவில் வந்தவன், சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அந்த நாட்டு மத்தியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அந்தச் சட்டத்தின் வரையறையில் கூடு, கேப்பு, குண்டு, மருந்து ஆகியவை தனித்தனியாகவும் தோட்டாவே. ‘எதையும் தொட்டுத் தொலைக்காதே’ என்றார் அத்தான். ஐந்து வாரமும் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தொடாமல், செய்கிறவனைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது எனக்குப் பழக்கமான ஆசனம்தான்.

நமக்குக் கைத்துப்பாக்கி என்பது ஒரு சம்பவம். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். மற்றபடி சினிமா. அங்கே அது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் அங்கே எத்தனை சாவுகளில் போய் முடிகிறது என்பதை மறந்துவிட்டு நான் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. கிழவரும் மறந்தவராகத் தோன்றவில்லை. ஆனால் அவர் கெட்டித்த தோட்டா காகிதத்துக்கானது. அவருடைய பிரச்னை முழுவதும் எவ்வளவு குறைத்துப் போடலாம் என்பதுதான்.

அமெரிக்கக் கைத்துப்பாக்கியின் பொதுச் சரித்திரம் இதற்கு நேர் எதிரானது. 1935இல் .357 மாக்னம், 1955இல் .44 மாக்னம் என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போன சரித்திரம் அது. 1971இல் வந்த ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கதாநாயகனுடைய வீரத்தில் பாதி அந்த .44 மாக்னத்தின் பெயரில்தான் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து வந்த ‘மாக்னம் ஃபோர்ஸ்’ படத்தில் அதே கதாநாயகன், என்ன தோட்டா போடுகிறாய் என்று கேட்கும் இளைஞனிடம், தான் போடுவது லேசான தோட்டா, அதில்தான் கைக்குக் கட்டுப்பாடு என்று ஒப்புக்கொள்கிறான். கிழவர் இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். முதல் படத்தைப் பார்த்தவர்களெல்லாம் மாக்னம் வாங்கினார்கள், இரண்டாவது படத்தின் அந்த வாக்கியம் ஒருவர் காதிலும் விழவில்லை என்றார்.

அவர் ஆடிய ஆட்டத்துக்கு ‘புல்ஸ்ஐ’ என்று பெயர். ஒற்றைக் கையால், நின்றுகொண்டு, மூன்று துப்பாக்கிகளால் ஆடுவது: .22 ஒன்று, மையக் கேப்புத் தோட்டா போடும் துப்பாக்கி ஒன்று, .45 ஒன்று. ஒவ்வொன்றிலும் 90 குண்டு, 900 புள்ளி, ஆகக்கூடி 2700. 50 கஜத்தில் நிதானமாகச் சுடும் பகுதி உண்டு. பிறகு 25 கஜத்தில் ஐந்து குண்டுக்கு 20 விநாடி. அதன் பிறகு ஐந்து குண்டுக்கு 10 விநாடி. 50 கஜத்து இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு மூன்றரை அங்குலம்கூடக் கிடையாது. ஈரி ஏரிக் கரையில் கேம்ப் பெர்ரி என்ற இடத்தில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்து வந்திருக்கின்றன. அங்கே பல வருஷம் போயிருக்கிறார். ஜெயித்தாரா என்று கேட்டதற்கு, ‘போனேன்’ என்று மட்டும் சொன்னார்.

270 முறை கையை உதைக்கும் ஆட்டத்தில் உதைப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பயங்கரம் அடுத்த குண்டில் இருக்கிறது என்பார். கை இப்போதைய உதைப்பைத் தாங்கிவிடும். அடுத்த முறை விசையை இழுக்கும்போது, வரப்போகிற உதைப்பை நினைத்துத் தானாகச் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் குண்டைக் கீழே தள்ளுகிறது. ஆக லேசான மருந்து என்பது காகிதத்தின் மேல் கருணை அல்ல, கைக்குக் கொடுக்கும் சுதந்திரம்.

முதலில் குண்டு. .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு அவர் போட்டது ‘வாட்கட்டர்’. முனையே இல்லாத குண்டு. தட்டையாக வெட்டிய ஈய உருளை. கூட்டின் வாயோடு வாயாக உள்ளே அமுங்கி உட்கார்ந்துவிடும். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. பார்த்தால் தோட்டா என்றே தோன்றாது. முனை உருண்ட குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஓரம் பிசிறாக, தன் குறுக்களவைவிடச் சின்ன துளையாக விட்டுப் போகிறது. வாட்கட்டர் எங்கள் ஆபீஸ் பஞ்சிங் மெஷின் மாதிரி வட்டமாகக் கத்தரித்து எடுக்கிறது. கோட்டைத் தொட்டால் மேல் புள்ளி என்பது விதி. தொட்டதா இல்லையா என்பதில் தகராறு இருக்கக் கூடாது. குண்டின் உருவமே இந்தத் தெளிவுக்காக ஏற்பட்டது. .45க்கு அவர் போட்டது 200 கிரெய்ன் ‘ஸெமி வாட்கட்டர்’. தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அது, தோட்டா சறுக்கி உள்ளே ஏற ஒரு கூம்பு வேண்டும்; கத்தரிப்பதற்குத் தோளில் ஒரு விளிம்பு வேண்டும். அதில் மருந்தை ரொம்பவும் குறைத்தால் மேல்சட்டம் முழுக்கப் பின்னுக்குப் போகாது, அடுத்த தோட்டா ஏறாது. அதற்காக இளகிய சுருள்வில் ஒன்று மாற்றி வைத்திருந்தார். லேசான தோட்டாவுக்கு ஏற்றபடி துப்பாக்கியையும் லேசாக்க வேண்டியிருக்கிறது.

பிறகு ஈயம். செம்பு உறை போட்ட குண்டு குழலை இறுக்கிப் பிடிக்கும். மருந்து குறைந்தால் நடுவில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே வெறும் ஈயம். அதிலும் கெட்டியான ஈயம்தான் உசத்தி என்று நான் நினைத்தேன். கிழவர் கட்டைவிரல் நகத்தால் ஒரு குண்டைக் கீறிக் காட்டினார். கோடு விழுந்தது. லேசான மருந்தில் அழுத்தம் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தத்திலும் குண்டின் அடி அகன்று, குழலின் உட்புறத்துப் பள்ளங்களை அடைத்துக்கொள்ள வேண்டும். கெட்டி ஈயம் அகலாது. அகலாவிட்டால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து, ஈயத்தை அரித்துக் குழல் முழுக்கப் பூசிவிடும். அதற்காகவே அடியில் குழிவான குண்டும் உண்டு. 148 கிரெய்ன், ஒரு பவுனுக்கு மேல், ஒன்றேகால் பவுனுக்குக் கீழ். அந்தக் குழிவின் மெல்லிய ஓரம் லேசான அழுத்தத்திலேயே விரிந்துகொள்கிறது. அதையே வேகமாகச் சுட்டால் ஓரம் பிய்ந்து குழலில் தங்கிவிடக்கூடும்.

பலகையில் குண்டுகளைப் பொறுக்கும்போது முனையை அவர் பார்க்கவே மாட்டார். திருப்பி அடியைப் பார்ப்பார். அடியில் ஒரு சின்னப் பிசிறு, ஒரு பள்ளம் இருந்தால் உருக்கும் சட்டிக்குத் திருப்பிவிடுவார். முனையில் கீறல் விழுந்த குண்டைப் பேசாமல் வைத்துக்கொள்வார். ஃப்ராங்க்ளின் மான் என்பவர் வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்துச் சுட்டுப் பார்த்து 1909இல் எழுதிய புஸ்தகம் அலமாரியில் இருந்தது. முனைச் சேதம் பெரிதாகப் பாதிப்பதில்லை. அடியில் சேதமிருந்தால் குண்டு விலகிப் போகிறது. குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிதான். அது ஒரு பக்கம் கோணலாக இருந்தால் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டு, அதுவரை நேராக வந்த குண்டைத் தட்டிவிடுகிறது. இதைக் கேட்டபோது எனக்குக் கவிதைகளின் கடைசி வரி ஞாபகம் வந்தது. ஒரு குறிப்பிட்ட நண்பனின் கவிதைகள். அவரிடம் சொல்லவில்லை.

மருந்துக்கு வருகிறேன். லேசான தோட்டாவுக்கு மெதுவாக எரியும் மருந்து வேண்டும் என்றுதான் விஷயம் தெரியாதவன் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேகமாக எரிவதே வேண்டும். மெதுவாக எரியும் மருந்துக்குத் தன்னை நன்றாக எரித்துக்கொள்ளவே நிறைய அழுத்தம் வேண்டும். குறைத்துப் போட்டால் பாதி எரியாமல் குழலில் தூளாகக் கிடக்கும்; வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். மாக்னத்துக்கென்று செய்த சில மருந்துகளைக் குறைத்தே போடக் கூடாது என்று தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். பெரிய தோரணையைப் பாதி அளவில் கையாள முடியாது என்பது எனக்கு எழுத்தில் தெரிந்த விஷயம்தான், வெடிமருந்திலும் அப்படியே இருந்தது ஆச்சரியமாக இருந்தது. கிழவர் போட்டது ஆட்டத்தின் பெயரையே கொண்ட ‘புல்ஸ்ஐ’. முன்பு ஹெர்குலிஸ் கம்பெனியும் பிறகு அலயன்ட்டும் விற்ற பழைய மருந்து. மிளகுத்தூளைவிடப் பொடியான செதில்கள். அளவைக் கருவியில் மணல் மாதிரி ஒரே சீராக இறங்கும். அவருடைய .38க்கு மூன்று கிரெய்னுக்கும் குறைவு.

ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு இது வேறு விதமாகத்தான் புரியும்: ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். ஆக ஒன்றரைக் குன்றிமணி எடை மருந்து, ஒன்றேகால் பவுனுக்குச் சற்றுக் குறைந்த ஈயத்தை 150 அடி தள்ளிப் பத்துப் புள்ளி வட்டத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறது. அந்த அளவை ஒரு கையேட்டில் பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கையேட்டின் வரம்புக்குள், பத்தில் ஒரு கிரெய்ன் பத்தில் ஒரு கிரெய்னாக மாற்றி, பத்துப் பத்துக் குண்டாகச் சுட்டு, துளைகள் எங்கே நெருங்குகின்றன என்று நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்திருந்தார். தேதி, மருந்து டப்பாவின் எண், அன்றைய உஷ்ணம். எங்கள் லெட்ஜர்களைவிடச் சுத்தமான கையெழுத்து.

அபாயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. .38 ஸ்பெஷலின் கூடு கருமருந்துக் காலத்து நீளம் கொண்டது. அதில் இந்தச் சிட்டிகை மருந்து ஐந்தில் ஒரு பங்கை நிறைத்தால் அதிகம். ஆகவே கவனம் பிசகி ஒரே கூட்டில் இரண்டு தடவை போட்டுவிட்டாலும் மருந்து வெளியே வழியாது. மேலே குண்டு சமத்தாக உட்கார்ந்துகொள்ளும். துப்பாக்கி சிதறலாம், பிடித்த கையும் போகலாம். மாக்னத்துக்காகக் கூடு நிறைய மெதுவான மருந்து போடுகிறவன் இரண்டு தடவை போட முடியாது, பலகையெல்லாம் கொட்டிவிடும். லேசாகப் போடுகிறவனுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. கிழவர் 50 குழி வைத்த மரத்தட்டில் கூடுகளை நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும், டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு தட்டைத் திருப்பி வைத்து மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். பலகை மேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். அந்த நேரத்தில் பேசினால் பதில் வராது. ஒரே வவுச்சரை இரண்டு தடவை பதிந்துவிட்டு, ராத்திரி எட்டு மணிவரை கணக்கு ஒத்துவராமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அந்த மௌனம் புரிந்தது.

மறுபக்கத்திலும் ஓர் அபாயம் உண்டு. ஒரு கூட்டில் மருந்தே விழாமல் போகலாம், அல்லது போதாமல் விழலாம். அப்போது கேப்பு மட்டும் வெடிக்கும். ‘டப்’ என்று அமுங்கிய ஒரு சத்தம். கேப்பின் பலம் குண்டைக் கூட்டிலிருந்து தள்ளிக் குழலுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். இலக்கில் துளை இருக்காது. சுட்டவன் குறி தப்பியது என்றே நினைத்துக்கொள்ளலாம். பத்து விநாடியில் ஐந்து குண்டு சுட வேண்டியவனுக்கு நின்று யோசிக்க நேரம் இல்லை. அடுத்த விசையை இழுக்கிறான். அடுத்த தோட்டா நல்ல தோட்டா. அளவு சரி, குண்டு சரி. ஆனால் குழல் அடைத்திருக்கிறது. குழல் வீங்குகிறது, அல்லது வெடிக்கிறது.

கிழவர் இதை விளக்கிய சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பழைய ரிவால்வர் குழல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவில் மோதிரம் போட்ட மாதிரி வீங்கியிருந்தது. அவருடையதுதான். இதில் தப்பு செய்தது எந்தத் தோட்டா என்று கேட்டார். இரண்டாவது என்றேன். ‘இரண்டாவதில் ஒரு குறையும் இல்லை’ என்றார்.

2015இல் என் நண்பனின் முதல் தொகுப்பு வெளிவந்தது. கல்லூரியில் ஒரே பெஞ்சு நாங்கள். நாற்பது பேர் வந்த வெளியீட்டுக் கூட்டத்தில் நான் பேசினேன். தொகுப்பில் பாதிக்கு மேல் கவிதைகளைக் கடைசி வரி கெடுத்திருந்தது. கவிதை முடிந்த பிறகு, அது சொன்னதைத் தானே ஒருமுறை சொல்லிக்கொள்ளும் வரி. கையெழுத்துப் பிரதியிலேயே எனக்கு இது தெரியும். கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை. ‘நம்பிக்கை தரும் குரல்’, ‘பாசாங்கற்ற எளிமை’ என்று எந்தத் தொகுப்புக்கும் பொருந்துகிற வார்த்தைகளைச் சொன்னேன். கூட்டம் முடிந்து டீக்கடையில், ‘நெஜமாச் சொல்லுடா, எப்படி இருக்கு?’ என்று கேட்டான். ‘நல்லாத்தான் இருக்கு’ என்றேன். அப்போது இதை நான் மென்மை என்று நினைத்துக்கொண்டேன்.

2018இல் இரண்டாவது தொகுப்பு. அதே கடைசி வரிகள், இப்போது இன்னும் கூடுதல் தைரியத்துடன். ஒரு பத்திரிகையில் பதினோரு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வாக்கியத்தையும் இன்றைக்கும் திரும்பப் பெற மாட்டேன். உதாரணங்கள் சரி, வாதம் சரி, தொனியும் மிஞ்சிப்போகவில்லை என்றே நண்பர்கள் சொன்னார்கள். அவன் போன் செய்தான். கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான். ‘இது அன்னிக்கே தெரியுமா உனக்கு?’ தெரியும் என்றேன். வைத்துவிட்டான். அதன் பிறகு பேச்சில்லை.

நேர்மையான விமர்சனம் நட்பைக் கெடுக்கும், அதுதான் விமர்சகன் கொடுக்கும் விலை என்று ஒரு வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது. நிலவறையில் அந்த வீங்கிய குழலைப் பார்க்கிறவரையில் அந்தப் பெருமை நீடித்தது. நட்பைக் கெடுத்தது பதினோரு பக்கம் அல்ல, டீக்கடையில் சொன்ன இரண்டு வார்த்தை. நம் சூழலில் மென்மை என்று நடமாடுவதில் பெரும்பகுதி இந்த ஜாதிதான். அணிந்துரை, வெளியீட்டு உரை, ‘படித்தேன், பிடித்தது’ வகைக் கடிதம்: கேப்பு மட்டும் வெடித்த சத்தங்கள். பிறகு ஒருநாள் யாராவது நிஜத்தைச் சொல்லும்போது எல்லாம் வெடித்துச் சிதறுகிறது. உண்மையைச் சொன்னவன்தான் முரடன் என்று நாம் முடிவுகட்டுகிறோம். இன்னொரு பக்கம், ஒரே குற்றத்துக்கு இரட்டிப்பு மருந்து போடுகிறவர்களும் நம்மிடம் குறைவில்லை. அவர்களைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. லேசான மருந்து என்று கிழவர் சொன்னது இரண்டுமல்ல. இலக்கைப் போய்ச் சேரத் தேவையானது முழுக்க அதில் இருக்கும். அதற்கு மேல் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கக் குன்றிமணித் தராசும் டார்ச் வெளிச்சமும் ஒரு ஆயுள் நோட்டுப் புஸ்தகங்களும் வேண்டியிருக்கின்றன.

மூன்றாவது தொகுப்பு போன மாதம் இந்தப் பத்திரிகை மூலமாக எனக்கு வந்தது. என்னைத்தான் எழுதச் சொல்கிறார்கள். இரண்டு முறை படித்துவிட்டேன். சில கவிதைகளில் அந்தக் கடைசி வரி இல்லை. ஒரு வரி முன்னாலேயே நின்றுவிடுகின்றன. சிலவற்றில் இன்னும் இருக்கிறது. இவ்வளவையும் அளவாகச் சொல்லிவிட முடியும், பாராட்டும் சேர்த்தே. அளவு கைவந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு சரியாகக் கெட்டித்தாலும், பழைய குண்டு உள்ளே இருக்கிறவரை அது நல்ல தோட்டா அல்ல.

சிக்கிய குண்டை இன்னொரு தோட்டாவால் எடுக்க முடியாது. துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் எண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பியை நுழைத்து, மெல்லத் தட்டித் தட்டித்தான் வெளியே தள்ள வேண்டும். நேரம் பிடிக்கும். சத்தம் சரியில்லை என்று தோன்றினால் கிழவர் போட்டியின் நடுவிலும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவாராம். அந்தச் சுற்றின் புள்ளிகள் போனால் போகட்டும் என்று குழலைத் திறந்து, அதன் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாராம்.

மதிப்புரை அடுத்த இதழில் வரும். அதற்கு முன்னால் அவன் இதைப் படிக்க வேண்டும். அன்னிக்கே எனக்குத் தெரியும். டீக்கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.